உறையோடு சேர்த்த எடை

பிப்ரவரி 4

தம்பிக்கு,

உன்னோடு இனி போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதனால்தான் கடிதம். மெயில் அனுப்பலாம் என்றால் அதற்கும் உன் கம்பெனியின் இன்டர்நெட் கருவியைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. அது தொங்கிக்கொண்டு நிற்கிறது.

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை மத்தியானம், ரோடு போடும் மேஸ்திரி ஒருவரை நெஞ்சு வலி என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். வியர்த்துக் கொட்டுகிறது, முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்தேன். கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் இதய டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும், அதற்குத்தானே இந்த ஏற்பாடு. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். போகவில்லை. ஜன்னலோரம் கம்ப்யூட்டரில் செருகி வைத்திருக்கும் உன் கட்டைவிரல் அளவுக் கருவியில் நீல விளக்கு மட்டும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி எரிந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு வரி வந்தது: ட்ரான்ஸ்மிட் டைம்அவுட். கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி முயன்றது. மறுபடி அதே வரி. மறுபடியும் அதே.

எங்கள் கம்பவுண்டர் கருவியைப் பிடுங்கினார், செருகினார், ஊதினார், துடைத்தார். கடைசியில் என்னிடம், "இதுக்கு டிரைவர் யாரும்மா?" என்று கேட்டார். என் தம்பி எழுதியது என்றேன். "எழுதுற டிரைவரா? நான் இதுவரைக்கும் ஓட்டுறவங்களத்தான் பாத்திருக்கேன்" என்றார். சிரிக்கிற நேரமா அது.

நானே முடிவெடுத்து மருந்து கொடுத்து ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். என் கணிப்பு சரியாக இருந்ததால் பிழைத்தார், உன் கருவியால் இல்லை. இதை நன்றாகப் படித்துக்கொள்.

ஏப்ரல் முதல் வாரம் ஆய்வுக் குழு வருகிறது. இணைப்பு ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் ஈ.சி.ஜி. மெஷினைக் கீழே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் இந்த மலையில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அரைநாள் ஜீப்பில் குலுங்கிப் போய்த்தான் தெரிந்துகொள்ளவேண்டும். மெஷின் கொடுக்கும்போது எந்தக் கருவி வாங்கலாம் என்று பேச்சு வந்தது. அத்தனை பேர் நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் தம்பி வேலை பார்த்தது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொன்னவள் நான். அந்த வார்த்தையைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு.

போனில் நீ கடைசியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. அதைப் பற்றி இப்போது பேசப்போவதும் இல்லை.

அக்கா


பிப்ரவரி 13

மதிப்புக்குரிய டாக்டரம்மா சமூகத்துக்கு,

கடிதம் கண்டேன். என்னைத் திட்டுவதற்காக இரண்டு பக்கம் கைவலிக்க எழுதியிருக்கிறாய். மருந்துச் சீட்டில்கூட இவ்வளவு தெளிவாக நீ எழுதி நான் பார்த்ததில்லை.

மேஸ்திரி பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த டிரைவர், அதாவது கருவியை ஓட்டுகிற மென்பொருள், என் கைப்பட எழுதியது. ஒரு வருஷமாக எத்தனையோ அலுவலகங்களில் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன் கடிதம் வந்ததும் என் மேஜையிலும் ஓட்டிப் பார்த்தேன். எப்போதும் வைத்துச் சோதிக்கிற அதே பெரிய ஃபைலைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. ஆகவே கோளாறு உங்கள் ஒயரில் இருக்கலாம், கரண்டில் இருக்கலாம், கம்பவுண்டர் ஊதிய எச்சிலிலும் இருக்கலாம்.

இருந்தாலும் நீ கேட்டதற்காக ஒன்று செய்திருக்கிறேன். இணைப்புக்குக் காவலாள் போல ஒரு கடிகாரம் உண்டு. அனுப்பச் சொன்னது ஐந்து நொடிக்குள் போகவில்லை என்றால், அதுதான் "காலம் கடந்துவிட்டது" என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து தொடங்கும். மலைமேல் இருப்பது மெதுவான இணைப்பு, அவசரப்பட்டுக் கத்துகிறதோ என்னவோ என்று அந்த நேரத்தை அரை நிமிடமாக்கிவிட்டேன். புது டிரைவர் இதனுடன் வைத்திருக்கும் பென்டிரைவில் இருக்கிறது. போட்டுக்கொள்.

எங்கள் மேனேஜர், அந்த ஒரு ஆஸ்பத்திரிக்காக ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய், வேறு கம்பெனிக் கருவியை வாங்கிக்கொள்ளச் சொல் என்கிறார். நான் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உன் தம்பி


மார்ச் 2

முந்திரிக்கொட்டைக்கு,

அம்மா உனக்கு வைத்த பட்டப்பெயரை இவ்வளவு வயதுக்கு அப்புறமும் விடாமல் காப்பாற்றுகிறாயே, உன்னை மெச்சவேண்டும். நீ அனுப்பிய கடிதம் போஸ்ட் ஆபீஸிலேயே ஒரு வாரம் கிடந்தது. ஏன் தெரியுமா? ஸ்டாம்ப் போதவில்லை. எனக்குச் சொல்லாமலே தெரியும் நீ என்ன செய்திருப்பாய் என்று. சமையலறைத் தராசில் கடிதத்தையும் பென்டிரைவையும் வைத்து எடை பார்த்திருப்பாய். அதற்குச் சரியாக ஸ்டாம்ப் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் அந்தத் தடித்த அட்டை உறைக்குள் போட்டிருப்பாய். எட்டாம் வகுப்பில் பேனா நண்பனுக்குக் கடிதம் போட்டபோதும் இதையேதான் செய்தாய், எல்லாம் நம் வீட்டுக்கே திரும்பி வந்தன. உறைக்கும் எடை உண்டு, தம்பி. போஸ்ட் ஆபீஸில் உறையோடு சேர்த்துத்தான் நிறுப்பார்கள்.

சரி, உன் புது டிரைவர். முன்பு ஐந்து நொடியில் விழுந்து எழுந்தது, இப்போது அரை நிமிடம் மரம் மாதிரி நிற்கிறது, அப்புறம்தான் விழுகிறது. காய்ச்சல் இறங்கவில்லை என்று தெர்மாமீட்டரை மாற்றிக் கொடுத்திருக்கிறாய். இதை ஒரு டாக்டரிடமே அனுப்ப உனக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

இனி நான் சொல்வதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேள். ஒயர் மேல் பழி போட்டாயே, ஒயரை மாற்றினேன். கரண்டு மேல் போட்டாயே, பேட்டரியில் ஓட்டினேன். எச்சில் விஷயத்தில் கம்பவுண்டர் மனம் புண்பட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எதிலும் மாற்றமில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எல்லாருடைய ஈ.சி.ஜி.யும் நிற்பதில்லை. சிலருடையதுதான் நிற்கிறது. அவர்களுடையது காலையில் அனுப்பினாலும் நிற்கும், மாலையில் அனுப்பினாலும் நிற்கும். மற்றவர்களுடையது மழையில்கூடப் போகிறது. ஒரே படுக்கை, ஒரே மெஷின், ஒரே கை. இது கெட்ட இணைப்பு செய்கிற வேலை இல்லை. கெட்ட இணைப்புக்கு ஆள் பார்த்து ஓரவஞ்சனை செய்யத் தெரியாது.

கம்பவுண்டர் ஒரு விளக்கம் சொன்னார். பால்காரம்மாவின் ஈ.சி.ஜி. நின்றபோது, அவர் மெஷினில் பெயருக்குப் பின்னால் "அம்மா" என்று சேர்த்துத் தட்டிவிட்டு மறுபடி எடுத்தாராம், சல்லென்று போய்விட்டதாம். "மரியாதையாப் பேர் போட்டாப் போகுது, வெறும் பேரா போட்டா முறைச்சுக்கிட்டு நிக்குது" என்கிறார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, என்னையே படுக்கவைத்து எடுக்கச் சொன்னேன். வெறும் பெயர் போட்டால் நின்றது. முன்னால் "டாக்டர்" என்று சேர்த்தால் போனது. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாலும் போனது, புள்ளிக்கு என்ன மரியாதை? அப்புறம்தான் உறைத்தது. நின்றுபோன பெயர்களை எல்லாம் மெஷினில் இங்கிலீஷில் தட்டினால் எல்லாவற்றிலும் ஆறே ஆறு எழுத்து. மேஸ்திரி, பால்காரம்மா, நான், எல்லாரும் ஆறு எழுத்துக்காரர்கள். ஐந்து எழுத்தும் போகிறது, ஏழு எழுத்தும் போகிறது.

ஏன் என்று எனக்குத் தெரியாது. அது உன் வேலை. நோயாளி யார், எங்கே வலிக்கிறது, அழுத்தினால் எங்கே கத்துகிறான் என்று கண்டுபிடிப்பது என் வேலை, அதை நான் செய்துவிட்டேன். இதற்கு மேல் ஒயர், கரண்டு என்று ஆரம்பித்தாயோ, நேரில் வந்து உன் காதைத் திருகுவேன்.

ஆய்வுக் குழு வர இன்னும் ஒரு மாதம்தான். எல்லாருக்கும் புள்ளி வைத்து அனுப்பிச் சமாளிக்கலாம் என்கிறார் கம்பவுண்டர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது பித்தலாட்டம்.

அக்கா

பி.கு: நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். நம்பமாட்டாள், இருந்தாலும் சொல்.


மார்ச் 12

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துத்தான் படித்தேன். ஆறு எழுத்து என்று படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பேர் எனக்குக் கோளாறு எழுதிப் போட்டிருக்கிறார்கள். "ஓடவில்லை", "அவசரம்", "உங்கள் கருவி குப்பை", இவ்வளவுதான் எழுதுவார்கள். ஒருத்தரும் இப்படிக் கோளாற்றின் குடுமியைப் பிடித்துக் கையில் கொடுத்ததில்லை.

ஆனாலும் காரணம் உடனே பிடிபடவில்லை. அன்று முழுக்க மண்டை காய்ந்தது. சாயங்காலம் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். "உறைக்கும் எடை உண்டு, தம்பி." அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். கருவிக்குப் போகும் செய்தி ஒரே அளவுப் பொட்டலங்களாக வெட்டப்பட்டுப் போகும், ஒரு பொட்டலத்தில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட், அதாவது அத்தனை எழுத்துக்கு இடம். கடைசிப் பொட்டலம் பெரும்பாலும் கொஞ்சம் குறையாகத்தான் இருக்கும். குறைப் பொட்டலத்தைப் பார்த்ததும் கருவி, "சரி, செய்தி முடிந்தது" என்று வேலையைத் தொடங்கும். எப்போதாவது கடைசிப் பொட்டலமும் விளிம்பு வரை நிறைந்துவிட்டால்? இன்னும் வரும் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். வரவே வராது. அந்த நேரத்தில் நாம் ஒரு காலிப் பொட்டலத்தை அனுப்பவேண்டும். உள்ளே ஒன்றும் இருக்காது. சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தாயிற்று என்று அதற்கு அர்த்தம்.

இது எனக்குத் தெரியாததா? தெரியும். கடைசிப் பொட்டலம் நிறைகிறதா என்று பார்த்துக் காலிப் பொட்டலம் அனுப்புகிற வரிகளை நானேதான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எங்கே பார்க்கிறேன் தெரியுமா? எங்கள் கருவி ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் எட்டு பைட்டில் ஒரு தலைப்பு ஒட்டச் சொல்லும். நான் அளவு பார்த்தது தலைப்பு ஒட்டுவதற்கு முன்னால். அனுப்பியது ஒட்டிய பிறகு. கடிதத்தை நிறுத்துவிட்டு அப்புறம் உறை போட்டிருக்கிறேன், அக்கா. உங்கள் மெஷினில் ஈ.சி.ஜி. கோடுகள் எப்போதும் ஒரே அளவு, பெயர் மட்டும்தான் கூடும் குறையும். ஆறு எழுத்து வந்தால் தலைப்போடு சேர்ந்து கச்சிதமாக நிறைந்துவிடுகிறது. நானோ எட்டு பைட் குறைகிறது என்று நினைத்துக் காலிப் பொட்டலத்தை அனுப்பாமல் விட்டுவிட்டேன். என் சோதனை ஃபைல் என்றைக்கும் ஒரே ஃபைல், அது ஒரு நாளும் நிறைந்ததில்லை. உங்கள் மெஷின் அனுப்புகிற அளவுக்கே ஒரு ஃபைல் செய்து, உன் பெயரை எழுதி என் மேஜையிலேயே அனுப்பிப் பார்த்தேன். முதல் தடவையே நின்றது. அது நின்றதைப் பார்த்து நான் கைதட்டினேன், பக்கத்து மேஜைக்காரர் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

திருத்தம் என்னவோ இரண்டு வரியை இடம் மாற்றியதுதான். தலைப்பை முதலில் ஒட்டு, அப்புறம் அளவைப் பார். அரை நிமிடக் கூத்தையும் எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இந்த மாதிரித் திருத்தத்தை இணையத்தில் உலகமே பார்க்கிற பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவோம், அடியில் யார் எழுதியது, யார் கோளாறைக் கண்டு சொன்னது, யார் சோதித்தது என்று பெயர் போடுவோம். போட்டால் போட்டதுதான், எத்தனை வருஷம் ஆனாலும் அழியாது. "வாடிக்கையாளர்" என்று போட்டால் போதும் என்றார் மேனேஜர். நான் விடவில்லை. வாடிக்கையாளர் என்று யாரும் எனக்கு எழுதவில்லை, என் அக்கா எழுதினாள் என்றேன். கண்டு சொன்னவர் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது, வெறும் பெயர், அதே ஆறு எழுத்து. களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் பொல்லாதவர், எதைக் கொடுத்தாலும் குறை சொல்வார். என் அரை நிமிடத் திருத்தத்தை மூஞ்சியில் விட்டெறிந்தவர் அவர்தான், அதை உனக்குச் சொல்லாமல் விட்டேன். இதற்கு ஒரே வரி எழுதினார்: "கோளாறை இவ்வளவு துல்லியமாகச் சொன்னவருக்கு என் நன்றியைத் தெரிவிக்கவும்." தெரிவித்துவிட்டேன்.

பென்டிரைவ் உள்ளே இருக்கிறது. போட்டதும் உன் பெயரை அடைமொழி இல்லாமல் தட்டி அனுப்பிப் பார். போனால்தான் சோதித்தவர் என்ற இடத்திலும் உன் பெயரைப் போடமுடியும்.

உறையோடு சேர்த்து நிறுத்திருக்கிறேன்.

முந்திரிக்கொட்டை


ஏப்ரல் 8

டேய் தம்பி,

போனது. உன் பென்டிரைவ் வந்த அன்றே போட்டு, என் பெயரை மொட்டையாகத் தட்டி அனுப்பினேன். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் போய்விட்டது. கம்பவுண்டர் நம்பவில்லை. தன் பேத்தி பெயர், தன் பழைய வாத்தியார் பெயர் என்று ஆறு எழுத்து எல்லாவற்றையும் போட்டு என்னையே மறுபடி மறுபடி படுக்கவைத்து எடுத்தார். எல்லாம் போனது. கடைசியில், "அப்ப மரியாதை வேண்டாங்குறீங்களா?" என்று வருத்தமாகக் கேட்டார். மனிதர்களுக்கு வேண்டும், மெஷினுக்கு வேண்டாம் என்றேன்.

நேற்றுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் வரும்போதே முடிவு பண்ணிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தார், மெஷினைக் கட்டி எடுத்துப்போக அட்டைப்பெட்டிகூட ஜீப்பில் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். இதற்கு முன் ஈ.சி.ஜி. போகாமல் நின்றவர்கள் யாராவது இருக்கிறார்களா, அவர்களை வைத்து அனுப்பிக் காட்டுங்கள் என்றார். மேஸ்திரியை வரச்சொல்லியிருந்தேன். ஆள் இப்போது நடந்தே வருகிறார். படுக்கவைத்து, அவர் பெயரைப் புள்ளி கிள்ளி எதுவும் இல்லாமல் நானே தட்டினேன். பொத்தானைத் தலைவரையே அழுத்தச் சொன்னேன்.

போனது. அவர் கையில் கொடுத்த டீ ஆறுவதற்குள் கீழேயிருந்து இதய டாக்டர் எழுதிவிட்டார், பழைய பாதிப்பின் தழும்பு தெரிகிறது, இப்போது பயமில்லை என்று. மேஸ்திரி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டார். தலைவர் திரையையே பார்த்துக்கொண்டு, "யார் சரி பண்ணினாங்க? கம்பெனி ஆள் வந்தாங்களா?" என்று கேட்டார்.

"கம்பெனி ஆள் யாரும் வரல. என் தம்பி சரி பண்ணினான். நான் அவனுக்கு அக்கா" என்றேன்.

இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வந்தது. அதோடு விட்டேனா? களஞ்சியத்தில் நம் இரண்டு பெயரும் இருக்கிற அந்தப் பக்கத்தை உன் கருவி வழியாகவே எடுத்து அவரிடம் காட்டினேன். எழுதியவர், கண்டு சொன்னவர். மெஷின் இங்கேயே இருக்கும். அட்டைப்பெட்டியைக் கம்பவுண்டர் கேட்டு வாங்கிக்கொண்டார், மருந்து அடுக்க.

எல்லாரும் போன பிறகு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது, தம்பி. தப்பைத் தப்பு என்று உலகம் பார்க்கும்படி எழுதி, அடியில் பெயர் போடுகிறீர்களே, எங்கள் தொழிலில் அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று எனக்குள் நின்றுகொண்டேதான் இருக்கிறது. போனில் நீ, "அந்த மலையில உக்காந்துக்கிட்டு நீ யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டாய். நான் போனை வைத்தேன். அதற்கு அப்புறம் எத்தனை பொட்டலம் எழுதியிருக்கிறோம், அந்தக் கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது. நீயும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "நான் அவனுக்கு அக்கா" என்ற இடத்தில் அம்மா இன்னொரு தடவை படி என்றாள். மூன்று தடவை படித்தேன். கடைசிப் பத்தி வந்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதைக் கேட்டது நான்தான். கோபத்தில் சொன்னேன், தெரியாமல் சொன்னேன் என்று நீட்டப்போவதில்லை. நீ பக்கத்தில் இல்லையே என்ற ஆத்திரம். அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம், நம் வீட்டு டாக்டர் யார் யாருக்கோ வைத்தியம் பார்க்கிறாளே என்று வயிறு எரிந்திருக்கிறது. அந்த எரிச்சலில் கேட்டது அது. கேட்டிருக்கக்கூடாது. தப்பு என்னுடையது.

பதிலையும் நானே சொல்கிறேன். மேஸ்திரிக்குப் பிரயோஜனம். பால்காரம்மாவுக்கு. இந்தக் கருவியை உலகத்தில் எங்கெங்கோ செருகிவைத்துவிட்டு, இது ஏன் நிற்கிறது என்று தெரியாமல் திட்டிக்கொண்டிருந்த, நானும் நீயும் பார்த்தே இராத அத்தனை பேருக்கும். எனக்கும்தான். கொஞ்ச நாளாக ஆபீஸில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எதைக் காட்டினாலும், "உறையோடு சேர்த்து நிறுத்தியா?" என்று கேட்கிறார்கள். இது யார் சொன்னது என்று புதிதாக வந்தவர் கேட்டால் மேனேஜரே, இவங்க அக்கா, மலையில டாக்டரா இருக்காங்க என்று சொல்கிறார். அப்போது என் முகத்தை நீ பார்க்கவேண்டும்.

சோதித்தவர் என்ற இடத்திலும் உன் பெயரைப் போட்டாயிற்று.

சொல்ல இருந்ததெல்லாம் இவ்வளவுதான். இது முழுசாக நிறைந்துவிட்ட கடிதம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் நாளைக்கு இன்னொன்று அனுப்புகிறேன். அது எதற்கு என்று உனக்குத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 29

தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இன்றைக்கு இன்னொரு உறை வந்தது. தபால்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, குலுக்கிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா. உங்க தம்பி மறந்துட்டார் போல, திருப்பி அனுப்பிடட்டா?" என்று கேட்டார்.

வேண்டாம், சரியாகத்தான் வந்திருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்டாம்பும் சரியாக இருந்தது. ஈ.சி.ஜி. மெஷின் மேல் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போஸ்ட் ஆபீஸிலிருந்து போன் பண்ணுகிறேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவை. முதல் மணியிலேயே எடு.

அக்கா